ஃபால் ரிவர் சட்டை: துணி சொல்வது ஒன்று, அட்டை சொல்வது ஒன்று

புதுச் சட்டை கைக்கு வந்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். கல்யாணத்துக்கு மாமன் எடுத்துக் கொடுத்ததாகவே இருக்கட்டும், முதலில் தையல், அப்புறம்தான் கலர். நான் திருப்பூர். அய்யன் முப்பது வருஷம் பவர் டேபிளில், அதாவது பனியன் கம்பெனித் தையல் மெஷினில், உட்கார்ந்தவர். நானும் பிளஸ் டூ லீவில் ஆரம்பித்து, காலேஜ் முடிகிற வரைக்கும் செக்கிங்கில், தைத்த பீஸில் குறை பார்க்கும் இடத்தில், நின்றிருக்கிறேன். இப்போது அமெரிக்காவில், பிராவிடன்ஸில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இந்த விமர்சனத்தில் துணியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே வரும். கால்பந்து எனக்குப் பார்க்க மட்டும்தான் தெரியும்.

வாங்கிய பொருள்: மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால் ரிவர் ஊரில் போர்ச்சுகீசியக் குடியேறிகள் நடத்திய போன்டா டெல்கடா கால்பந்து கிளப்பின் 1947-ஆம் வருஷத்துச் சட்டை, மறுபதிப்பு. முழுக்கை, காலர் வைத்தது. விற்பது, இழுத்து மூடப்பட்ட கிளப்களின் சட்டைகளைத் திரும்பத் தைத்து விற்கும் ஒரு சின்ன ஆன்லைன் கடை. கடையின் பெயரைப் போடவில்லை. காரணம் கடைசியில் புரியும். விலை 84 டாலர், அனுப்பும் கூலி 9. ஆக 93 டாலர். இதை ரூபாயில் பெருக்கி அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வீடியோ காலில் சட்டையை மட்டும் காட்டினேன். "என்ன கண்ணு, போண்டான்னு எழுதியிருக்கு?" என்றார். பக்கத்தில் இருந்த அய்யன் சிரித்ததில் போன் கீழே விழுந்தது.

இந்தச் சட்டையை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். பிராவிடன்ஸிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் காரில் போனால் டாண்டன் ஆற்றின் மேல் பிராகா பாலம் வரும். பெர்ல் ஹார்பரில் செத்துப்போன உள்ளூர்ப் பையன் ஒருவரின் பெயர் அது, போர்ச்சுகீசிய வம்சம். பாலத்தின் மேல் ஏறும்போதே எதிரே ஃபால் ரிவர் ஊர் தெரியும். மேட்டில் வரிசையாகக் கருங்கல் மில்கள். ஐந்து மாடி, ஒரே அளவு ஜன்னல்கள், மூலையில் படிக்கட்டுக் கோபுரம். முதல் தடவை பார்த்தபோது காரை ஓரங்கட்டத் தோன்றியது. ஒரு காலத்தில் அமெரிக்காவில் பருத்தித் துணி என்றால் இந்த ஊர்தான். நூறு மில்லுக்கு மேல் ஓடிய ஊர். 1920-களில் மில்கள் கூலி குறைந்த தெற்கு மாநிலங்களுக்குப் போக ஆரம்பித்தன. 1931-ல் நகராட்சியே திவாலாகி, மாநில அரசு ஆள் போட்டு வரவு செலவைப் பார்த்தது. அப்புறம் காலியான மில்களுக்குள் நியூயார்க்கிலிருந்து தையல் கம்பெனிகள் வந்தன. நெசவு போய் தையல் வந்தது. மெஷினில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள், அதில் கணிசமானவர்கள் போர்ச்சுகீசியர்கள். இதற்கு மேல் ஒரு திருப்பூர்க்காரனுக்கு என்ன வேண்டும்?

இனி சட்டை.

அட்டைப் பெட்டி, உள்ளே பழுப்புத் தாள், அதற்குள் சட்டை, மேலே ஒரு விவர அட்டை. பாலிதீன் பை இல்லை, அதற்கு ஒரு சபாஷ். துணி இன்டர்லாக், இரட்டைப் பின்னல், முழுப் பருத்தி. சமையலறைத் தராசில் வைத்தேன்: 410 கிராம். கனமான சட்டைதான். நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்கு மூலையின் அக்டோபருக்குப் பொருத்தம்; ஜூலையில் போட்டால் அவிந்து போவீர்கள். பக்கத் தையலில் ஓரம் கட்டும் ஓவர்லாக் சீராக இருக்கிறது, ஒரு இடத்தில்கூட தையல் விடவில்லை. கீழ் மடிப்பு பேட்லாக் தையல், இரட்டை ஊசி. பிசிறு சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள். மூன்று தடவை குளிர்ந்த தண்ணீரில் துவைத்தேன். உயரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் சுருங்கியது. பக்கத் தையல் முன்னால் திருகிக்கொண்டு வரவில்லை. மட்டமான பனியனை நாலு துவைப்பில் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். வெள்ளைத் துண்டோடு சேர்த்துப் போட்டும் பார்த்தேன், சாயம் போகவில்லை. முதுகில் எண் கம்பளித் துணியில் வெட்டித் தைத்தது, ஒட்டினது இல்லை. நான் 7 கேட்டேன், 7 வந்தது.

குறை இரண்டு. ஒன்று, அளவு. என் சைஸ் எம். வந்த எம், தோளில் ஒரு இஞ்ச் தொங்குகிறது. எம் போடுகிறவர்கள் எஸ் வாங்குங்கள். இரண்டு, மார்பில் இருக்கும் சின்னம். கடைக்காரர்களே வரைந்த மூன்று வளைவு. போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவில் இருக்கிற போன்டா டெல்கடா நகரத்தின் பழைய நுழைவாயில் அப்படித்தான் இருக்கும், கறுப்புக் கல்லும் வெள்ளைச் சுவரும். அதன் நகல் ஒன்று ஃபால் ரிவரில் ஆற்றங்கரைப் பக்கம் நிற்கிறது. எம்பிராய்டரி அழகு. ஆனால் உள்பக்கம் வைத்துத் தைத்த பேக்கிங் தாளைக் கிழித்து எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். நெஞ்சில் அரிப்பு. எங்கள் லைனில் இருந்த அக்கா ஒருத்தர் இந்தப் பீஸைப் பார்த்திருந்தால் தூக்கி என் மேலேயே வீசியிருப்பார்.

லேபிளைப் பார்த்தேன். தைத்தது போர்ச்சுகலில். அய்யனிடம் சொன்னதும் முகம் மாறியது. "அவங்க நல்லாத்தான் தைப்பாங்க. ரேட்டுதான் நம்மளுக்குக் கட்டாது" என்றவர், "அந்தக் காலரை இழுத்து உடு பாக்கலாம்" என்றார். இழுத்து விட்டேன். டப்பென்று பழைய நிலைக்கு வந்தது.

"லைக்ரா போட்டிருக்கான்."

"அட்டையில அதே துணின்னு போட்டிருக்குதுங்க அய்யா. 1947-ல இருந்தமாதிரியேன்னு."

"அப்ப லைக்ரா ஏது? பொய்யி."

அவர் சொன்னது சரி. ரப்பர் மாதிரி இழுபடும் அந்த நூலைக் கண்டுபிடித்ததே 1958-ல். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் சின்ன எழுத்தில் அவர்களே போட்டிருக்கிறார்கள், காலரில் 3 சதவீதம் என்று. அட்டை ஒன்று சொல்கிறது, லேபிள் ஒன்று சொல்கிறது. அங்கேதான் எனக்கு அட்டை மேல் சந்தேகம் வந்தது. காலரில் பொய் சொன்னவன் வேறு எதில் சொல்லியிருப்பான்? அன்று ராத்திரி அட்டையை வரி வரியாகச் செக்கிங் பண்ண உட்கார்ந்தேன்.

முதல் வரியே: "அதே நிறம்." பக்கத்திலேயே அணியின் படம் ஒன்றை அச்சடித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை.

அடுத்தது, "போர்ச்சுகலின் போன்டா டெல்கடா, அமெரிக்காவை வென்ற கதை." படித்தால் ஏதோ லிஸ்பனிலிருந்து ஒரு அணி கப்பலேறி வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது மாதிரி இருக்கிறது. போன்டா டெல்கடா என்றால் மெல்லிய முனை என்று அர்த்தம். அட்லாண்டிக் நடுவில், லிஸ்பனிலிருந்து 1,400 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஒன்பது தீவுகள், அதுதான் அசோர்ஸ். அதில் பெரியது சாவ் மிகேல். அந்தத் தீவின் துறைமுக நகரம் இது. முதலில் திமிங்கல வேட்டைக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்து பக்கத்து ஊரான நியூ பெட்ஃபோர்டில் இறங்கினார்கள் அசோர்ஸ்காரர்கள். மில்கள் பெருகியதும் சாவ் மிகேல் தீவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஃபால் ரிவருக்கு வந்தார்கள். வந்த இடத்தில் ஒரு தேவாலயம், ஒரு பாண்டு வாத்தியக் குழு, ஒரு கால்பந்து கிளப். கிளப்புக்கு விட்டுவந்த ஊரின் பெயர். அவ்வளவுதான்.

1921-லும் 1924-லும் வந்த குடியேற்றச் சட்டங்கள் கதவை ஏறக்குறைய சாத்திவிட்டன. ஆக, 1947-ல் இந்தச் சட்டையைப் போட்டு ஓடியவர்களில் பெரும்பாலோர் தீவைக் கண்ணால் பார்க்காதவர்கள். மில் தெருவில் பிறந்த பிள்ளைகள். கிளப்பை ஆரம்பித்தது அப்பன்கள், ஜெயித்தது பையன்கள். கோல்கீப்பர் பெயர் வால்டர் ரோமனோவிச். அது போலந்துப் பெயர்! சொந்த ஊர்ப் பெயர் வைத்த கிளப்பில் கோலைக் காத்தவர் வேற்று ஊர் வம்சம். எனக்கு இந்த ஒரு விவரத்துக்காகவே அந்த அணியைப் பிடித்துப் போனது. அட்டையில் ரோமனோவிச் இல்லை.

ஃபால் ரிவரைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மீதிக் கதை பிடிபடும். அமெரிக்காவில் கால்பந்தை யாரும் சீந்தாத காலம் என்று நாம் நினைக்கிற 1920-களில், இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். மில்லுக்கு வேலைக்கு வந்த லங்காஷையர்க்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும் கொண்டுவந்த ஆட்டம். 1917-லேயே ஃபால் ரிவர் ரோவர்ஸ் தேசியக் கோப்பையை வென்றிருக்கிறது. பிறகு சாம் மார்க் என்ற உள்ளூர் முதலாளி ஒரு தொழில்முறை அணியை வாங்கி, தன் பெயரையே வைத்து மார்க்ஸ்மென் ஆக்கினார். மாசசூசெட்ஸில் அப்போது ஞாயிறு அன்று காசு வாங்கி ஆட்டம் காட்டச் சட்டம் விடாது. மனுஷன் என்ன செய்தார்? மாநில எல்லையைத் தாண்டியதும் ரோட் ஐலண்டில், வடக்கு டிவர்ட்டனில், மைதானத்தைக் கட்டினார். கூட்டம் எல்லை தாண்டி நடந்து போய்ப் பார்த்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் சினிமா டிக்கெட்டுக்குப் பாலக்காடு போன மாதிரி. மார்க்ஸ்மென் 1924, 1927, 1930, 1931 என்று நாலு தடவை தேசியக் கோப்பையை எடுத்தார்கள். மில்கள் மூடின, கூலி நின்றது, டிக்கெட் வாங்க ஆளில்லை. 1931-ல் சாம் மார்க் அணியைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போய்விட்டார்.

காசுள்ளவன் போனதும் காசில்லாதவர்களின் ஆட்டம் மிச்சம் இருந்தது. போன்டா டெல்கடா வருவது அங்கே. கூலிக்கு ஆடாத அமெச்சூர் அணி. வாரம் முழுக்க வேலை, ஞாயிறு ஆட்டம். 1938-ல் தேசிய அமெச்சூர் கோப்பை. நடுவில் யுத்தம். அப்புறம் 1946, 1947, 1948 என மூன்று வருஷம் தொடர்ந்து. மறுபடி 1950, 1953. மொத்தம் ஆறு. அட்டையில் "பலமுறை அமெச்சூர் சாம்பியன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஆறு என்று போட மை போதவில்லையா?

அந்த அமெச்சூர் கோப்பை ஒரு பக்கம். தொழில்முறை அணிகளும் சேர்ந்து மோதும் தேசியச் சவால் கோப்பை இன்னொரு பக்கம். இன்றைக்கு யூ.எஸ். ஓப்பன் கோப்பை என்கிறார்களே, அதுதான். 1946-ல் அதன் இறுதி வரைக்கும் போய் சிகாகோ வைக்கிங் அணியிடம் தோற்றார்கள்: முதல் ஆட்டம் 1-1, அடுத்தது 2-1. மறு வருஷம் மறுபடி இறுதி, மறுபடி சிகாகோ. இந்த முறை ஸ்பார்ட்டா, செக் நாட்டிலிருந்து வந்தவர்களின் கிளப். போர்ச்சுகீசியத் தெருவும் செக் தெருவும் மோதின ஆட்டம். 6-1, 3-2 என்று இரண்டு ஆட்டமும் போன்டா டெல்கடாவுக்கு. ஒரே வருஷத்தில் அமெச்சூர் கோப்பையும் திறந்த கோப்பையும் ஒரே அணி எடுத்தது அதுதான் முதல் தடவை. இதை அட்டை சரியாகச் சொல்கிறது. கொடுக்க வேண்டிய மார்க்கைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் அடுத்த வரி: "1947-ல் தோல்வியே அறியாத அணி."

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அந்த ஜூலையில் ஹவானாவில் வட அமெரிக்கச் சாம்பியன்ஷிப். மெக்சிகோ, கியூபா, அமெரிக்கா, மூன்றே நாடுகள். அமெரிக்கத் தேசிய அணி என்று ஒன்று ஆடியே பத்து வருஷம் ஆகியிருந்தது, கடைசியாக 1937-ல். நாடு முழுக்க ஆள் பொறுக்கி அணி சேர்ப்பதற்குப் பதிலாக, கால்பந்து சங்கம் ஒரு வேலை செய்தது. போன்டா டெல்கடாவை அப்படியே அனுப்பிவிட்டது. ஒரு மில் ஊர் கிளப், ஒரு நாடாக மாறி ஹவானா போனது. 13-ஆம் தேதி மெக்சிகோவிடம் 5-0 தோல்வி. 20-ஆம் தேதி கியூபாவிடம் 5-2. மூன்றில் மூன்றாவது இடம்.

பத்துக் கோல் வாங்கினார்கள், உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்பன் தறி ஓட்ட வந்த ஊர். பையன் ஹவானாவில் நின்று அந்த நாட்டுக்காக ஆடுகிறான். அந்த ஒரு வாரத்துச் சங்கதியை மட்டும் வைத்து ஒரு அட்டை போட்டிருந்தால் நான் இரண்டு சட்டை வாங்கியிருப்பேன். கடைக்காரர்களுக்கு ஜெயித்ததுதான் விற்கும் என்று நினைப்பு. செக்கிங்கில் டேமேஜ் பீஸை ஒளித்துவைத்தால் அது கடைசியில் சரக்கு வாங்குகிற பையர் கையில்தான் போய்ச் சேரும். எங்கள் லைனில் புதுப் பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருவார்கள்.

மூன்றாவது பக்கம். கொட்டை எழுத்தில்: "இங்கிலாந்தை வீழ்த்திய அணியும் சூசா சகோதரர்களும்."

1950 உலகக் கோப்பை, பிரேசில், பெலோ ஹொரிசோன்ட்டே, ஜூன் 29. அமெரிக்கா 1, இங்கிலாந்து 0. கால்பந்தில் இதைவிடப் பெரிய கவிழ்ப்பு இல்லை என்பவர்கள் இன்றைக்கும் உண்டு. ஆனால் அதை ஆடியது போன்டா டெல்கடா இல்லை, அமெரிக்க அணி. களமிறங்கிய பதினொரு பேரில் ஐந்து பேர் செயின்ட் லூயிஸ்காரர்கள். பந்தை அடித்தவர் வால்டர் பார், பிலடெல்ஃபியா. தலையால் திசை திருப்பிக் கோலாக்கியவர் ஜோ கேட்ஜென்ஸ், ஹைட்டியில் பிறந்தவர். போன்டா டெல்கடாவிலிருந்து போனவர்கள் இரண்டு பேர்: ஜான் சூசா, எட் சூசா. முன்வரிசையில் இடது பக்கம் இரண்டு பேரும் அடுத்தடுத்து ஆடினார்கள். அது பெருமை இல்லையா? பதினொன்றில் இரண்டு, ஒரே தெருக் கிளப்பிலிருந்து. அதை ஏன் "வீழ்த்திய அணி" என்று ஊத வேண்டும்? அதே இருவரும், தோழர்களான ரெகோ கோஸ்டாவும் மானுவல் மார்ட்டினும் 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ் குழுவில் இருந்தார்கள். அங்கே இத்தாலியிடம் 9-0. அதுவும் அட்டையில் கிடையாது, சொல்லவே வேண்டாம்.

சகோதரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அரிப்போடுதான், ஃபால் ரிவர் கொலம்பியா தெருவுக்குப் போனேன். அங்கே சாந்தோ கிறிஸ்தோ தேவாலயம் இருக்கிறது, அந்த ஊர்ப் போர்ச்சுகீசியர்களின் மூத்த பங்கு. பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடை. மாலசாடா வாங்கினேன். கையகல மாவைப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டியது, சூடாக இருந்தால் மட்டும் சாப்பிடுங்கள். கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என் முதுகைப் பார்த்து, நெஞ்சைப் பார்த்து, முகத்தைப் பார்த்தார். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை போலிருக்கிறது.

"எங்கே வாங்கினாய்?" என்றார். சொன்னேன். அட்டையையும் கொடுத்தேன், பையிலேயே இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். "சகோதரர்களா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், கடைக்குள்ளே இருந்த அம்மாளைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். அந்தம்மாவும் சிரித்தார்.

ஜானும் எட்டும் உறவே இல்லை. ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஒரே கிளப், அவ்வளவுதான். ஜான் 1920-ல் பிறந்தவர், எட் 1921. நம்மூர் டிசூசாவில் இருக்கிற அதே சூசா. இந்த ஊரில் தெருவில் நின்று சூசா என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும் என்றார் பெரியவர். எங்கள் ஊரில் பழனிச்சாமி என்று கூப்பிட்டாலும் அப்படித்தான் என்றேன். பழனிச்சாமி என்ற பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஜானுக்கு ஊரில் கிளார்க்கி என்று பட்டப்பெயர். அடையாளம் தெரிய வேண்டாமா, அதுக்குத்தானே பட்டப்பெயர்!

கிளம்பும்போது காற்று சில்லென்று அடித்தது. பெரியவர் உள்ளே பார்த்து "ஜனெலா" என்று குரல் கொடுத்தார். நானே எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அந்தம்மா ஆச்சரியப்பட்டார். சாவி, அலமாரி என்று நானும் இரண்டு சொல்லை எடுத்துவிட்டேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஆட்கள் எங்கள் கடற்கரையில் விட்டுப்போனது என்றதும் இரண்டாவது மாலசாடாவுக்குக் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். செக்கிங் ரிப்போர்ட் போலவே வரிசையாக: பேக்கிங் தாள், எம் அளவு, லைக்ரா, நிறம், ஹவானா, இங்கிலாந்து, சூசா. இரண்டே நாளில் ஒரு பெண் பதில் போட்டார். மரியாதையான, பொறுமையான பதில். அதனால்தான் கடையின் பெயரை இழுக்கவில்லை. அவருக்குத்தான் திட்டு விழும். பேக்கிங் தாளுக்கு மன்னிப்பு. எம் அளவு அட்டவணையைத் திருத்துகிறோம். அட்டையின் அடுத்த அச்சில் சரி செய்கிறோம். ஹவானாவைப் பற்றி மட்டும், "வாடிக்கையாளர்கள் உற்சாகமான கதையை விரும்புகிறார்கள்" என்று ஒரு வரி. கூடவே 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அந்தக் கூப்பனை வைத்து அய்யனுக்கு ஒன்று வாங்கலாம் என்று கேட்டால், "எனக்கெதுக்கு கண்ணு அந்தக் கனத்துல? நம்ம வெயிலுக்கு அது ஆகாது. காலரை மட்டும் பிரிச்சு அனுப்பு, லைக்ரா இல்லாம ரிப்பு வெச்சுத் தாரேன்" என்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் புது அட்டை தபாலில் வந்தது, கேட்காமலே அனுப்பியிருந்தார்கள். நல்ல தாள். "அதே நிறம்" போய்விட்டது. "அதே துணி" போய்விட்டது. "தோல்வியே அறியாத" என்பதையும் எடுத்துவிட்டார்கள், அந்த இடத்தில் ஹவானா என்ற ஊர்ப் பெயர் மட்டும், ஸ்கோர் இல்லாமல். இங்கிலாந்து ஆட்டத்தில் "இரண்டு வீரர்கள்" என்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியில் ஜான் சூசாவும் எட் சூசாவும். பக்கத்தில், "ஒன்றுவிட்ட சகோதரர்கள்".

மறுபடி எழுதியிருக்கிறேன்.